மோசேயும் மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்

கேள்வி: ஐயா, எனக்கு 30 வயது. வெள்ளவத்தையில் அம்மாவோடும் தங்கச்சியோடும் இருக்கிறேன். கோட்டையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டு வருடமாக வேலை. 19 வயதில் ஒரு வாலிபர் முகாமில் முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். பிறகு படிப்பு, வேலை என்று காலம் போய்விட்டது. போன வருடம் அப்பா இருதய வருத்தத்தில் தவறிவிட்டார். அவருடைய சிகிச்சைக்காக அலுவலகத்தில் எடுத்த கடனை இன்னும் மூன்று வருடம் கட்ட வேண்டும். அம்மாவுக்குச் சீனி வருத்தம். தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஓகஸ்டில் ஒரு உபவாசக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த ஊழியர், எல்லோருக்கும் முன்னால் என்னை எழுப்பி, "கர்த்தர் உன்னை அழைத்தார், நீ ஓடுகிறாய். இந்த வருடம் முடியுமுன் வேலையை விடு. விடாவிட்டால் வீட்டில் இன்னொரு இழப்பைக் காண்பாய்" என்றார். அன்றிலிருந்து இரவு மூன்று மணிக்கு எழும்பி, அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். டிசம்பர் 31க்கு முன் கொடுக்கவா? தாமதித்தால் அது கீழ்ப்படியாமையா? அப்பா போனதற்கும் நான்தான் காரணமா?

- பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் காரணம், பின்னணி எல்லாம் எழுதிவிட்டு, மூன்றாவதைப் போகிற போக்கில் ஒரே வரியில் போட்டிருக்கிறீர்கள். நாற்பது வருடம் போதகராகவும் ஆலோசகராகவும் மற்றவர்களின் கதையைக் கேட்டதில் எனக்கு ஒன்று பழகிவிட்டது. வந்தவர் கதிரையை விட்டு எழும்பி, கதவடிக்குப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டே ஒன்று சொல்வார். அதற்காகத்தான் அவர் வந்திருப்பார். அதனால் உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா போனதற்கு நீங்கள் காரணம் இல்லை.

பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீஷர்களும் இதைத்தான் கேட்டார்கள். யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு (யோவான் 9:3). ஒருவருக்கு வந்த நோயை இன்னொருவர் கணக்கில் எழுதுகிற பழக்கத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. கணக்குப் பிரிவில் எட்டு வருடம் இருந்த உங்களுக்குத் தவறான கணக்கில் ஒரு பதிவு விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியும். வருடக்கணக்காக எதுவும் பொருந்தாது. உங்கள் அப்பாவுக்கு இருந்தது இருதய வருத்தம். வைத்தியம் பார்த்தீர்கள், அதற்காகக் கடன் பட்டீர்கள். ஒரு மகன் செய்யக்கூடியதைச் செய்தீர்கள். முகாமில் 19 வயதில் கொடுத்த வாக்கை இதற்குள் கொண்டுவர வேண்டாம்.

"ஆனாலும் அழைப்பைத் தட்டினால் கர்த்தர் கோபப்படுவார்தானே" என்று உங்கள் மனம் கேட்கும். கேட்கட்டும். மோசேயைப் பாருங்கள். எரிகிற முட்செடிக்கு முன்னால் நின்றுகொண்டே ஐந்து தரம் சாக்குச் சொன்னவர் அவர். கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே சொல்லிவிட்டார். கர்த்தர் அவர்மேல் கோபமூண்டார் என்று யாத்திராகமம் 4:14 வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தக் கோபத்தில் கர்த்தர் என்ன செய்தார்? ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். அவ்வளவுதான். மாமனார் எத்திரோவின் வீட்டில் சாவு விழவில்லை.

வேதத்தை ஊன்றி வாசிக்கிறவர் என்றால் பத்து வசனம் தள்ளி, 24ஆம் வசனத்தைக் காட்டுவீர்கள். வழியில் தங்கின இடத்தில் கர்த்தர் மோசேயைக் கொல்லப் பார்த்தார் என்று அங்கே இருக்கிறது. கஷ்டமான பகுதிதான், நானும் அதை முழுதாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போது மோசே தாமதித்துக்கொண்டு இருக்கவில்லை, எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்த மகனுக்குச் செய்ய வேண்டிய விருத்தசேதனம் செய்யப்படாமல் கிடந்தது. மனைவி சிப்போராள் அதைச் செய்து முடித்த பிறகுதான் ஆபத்து நீங்கியது. ஊழியத்துக்குப் புறப்பட்ட மனிதனை, வீட்டில் செய்யாமல் விட்ட கடமை வழிமறித்த இடம் என்றே நான் அதை வாசிக்கிறேன்.

யோனாவையும் நினைத்திருப்பீர்கள். யோனா ஓடினார், புயல் வந்தது, சரி. அந்தக் கப்பலில் ஒரு மாலுமியாவது செத்தாரா? ஓடினவரே சாகவில்லை. அதோடு, யோனாவுக்குத் தான் போகவேண்டிய ஊர் நினிவே என்று தெரியும். உங்களுக்கு எந்த ஊர்? எந்த மக்கள்? என்ன வேலை? அந்த ஊழியர் உங்களுக்கு ஒரு திகதியைக் கொடுத்திருக்கிறார், இடத்தைக் கொடுக்கவில்லை. "ஆபிரகாமும் போகும் இடம் தெரியாமல்தானே புறப்பட்டார்" என்பீர்கள். உண்மை, எபிரெயர் 11:8. ஆனால் 75 வயதில் ஆரானை விட்டுப் போனபோது அவர் சாராயையும் லோத்தையும் சேர்த்த சம்பத்தையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டைக் கைவிட்டுப் போகவில்லை.

இனி அந்தத் தீர்க்கதரிசனம். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். நான் மெதடிஸ்ட்காரன், எங்கள் சபைகளில் இப்படி ஆளை எழுப்பி நிறுத்தி வார்த்தை சொல்வது குறைவு. அந்தப் பழக்கமின்மையால் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று சொன்ன அதே பவுல், அடுத்த மூச்சிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை, கட்டளை.

1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். பிரசங்கங்களில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனுஷன் ஒருவருக்குக் கர்த்தர் நேரடியாகச் சொல்லியிருந்தார்: அங்கே அப்பம் சாப்பிடாதே, தண்ணீர் குடியாதே, போன வழியாய்த் திரும்பாதே. ராஜா விருந்துக்குக் கூப்பிட்டும் மறுத்துவிட்டார். ஆனால் பெத்தேலில் இருந்த ஒரு கிழவர், நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொன்னதும், கூடவே போய்ச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் சிங்கம் அடித்தது. தனக்குக் கர்த்தர் சொன்னதை, மூத்த ஊழியர் ஒருவரின் வார்த்தைக்காக விட்டுக்கொடுத்த கதை அது.

உங்களுக்குக் கர்த்தர் நேரடியாக, சந்தேகமே இல்லாமல், எழுத்தில் சொல்லியிருக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்" (1 தீமோத்தேயு 5:8). தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கைக் கணக்கில் போட்டவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7இல் இருக்கிறது. சிலுவையில் தொங்கிக்கொண்டே தன் தாயை யோவானிடம் ஒப்படைத்தவர் அவர். யாராவது எழும்பி நின்று "அதை விடு" என்றால், முதலில் இந்த வசனங்களோடு வைத்துப் பார்க்க வேண்டாமா?

மெய்யான தீர்க்கதரிசி எப்படிப் பேசுவார் என்பதற்கு அகபு இருக்கிறார். பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் நடக்கப்போவதைச் சொன்னார் (அப்போஸ்தலர் 21). போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. முடிவெடுத்தது பவுல். உங்கள் விஷயத்திலோ கட்டளை, திகதி, மிரட்டல் மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன. சொன்னவர் அடுத்த கிழமை வேறு ஊரில் இருப்பார். ஜனவரியில் அம்மாவின் மருந்துக்குக் காசு தேட வேண்டியவர் நீங்கள்.

ஆகவே டிசம்பர் 31 என்ற திகதியைக் கலண்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம்.

இதைப் படித்ததும் ஒரு நிம்மதி வருமே, அதிலும் கொஞ்சம் கவனமாக இருங்கள். உங்களுக்கு அழைப்பு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 19 வயதில் முகாமில் கண்ணீரோடு முன்னால் போன வாலிபர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் முக்கால்வாசிப் பேருக்கு அடுத்த மாதமே மறந்துவிடும். உங்களுக்குப் பதினொரு வருடமாக மறக்கவில்லை. அதை நான் லேசாக எடுக்கமாட்டேன். ஆனால் பதினொரு வருடத்தில் நீங்கள் அதைப் பற்றி உங்கள் சபைப் போதகரிடம் ஒருக்காவாவது கதைத்ததாகக் கடிதத்தில் இல்லை. அம்மாவிடம் சொன்னதாகவும் இல்லை. உங்கள் தாமதத்தில் எனக்கு உறுத்துவது அதுதான். சம்பளத்துக்கு வேலை செய்தது பிழையில்லை, பவுலே கூடாரம் கட்டித்தான் பிழைத்தார். யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்ததுதான் பிழை. ஒளித்து வைத்ததால்தான், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதைத் தொட்டதும் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

சாமுவேலின் கதை உங்களுக்குப் பாடம். கூப்பிட்டது கர்த்தர், ஆனால் அந்தப் பிள்ளை மூன்று தரமும் ஆசாரியன் ஏலியிடம் ஓடினது. கண் மங்கின, தன் பிள்ளைகளையே அடக்கத் தெரியாத ஒரு கிழவர்தான் அது கர்த்தருடைய சத்தம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அழைப்பைத் தனியாக இருந்து உறுதிப்படுத்த முடியாது, அதற்கு இன்னொரு காது வேண்டும். அந்தியோகியாவிலும் அப்படித்தான். பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள் என்று ஆவியானவர் சொன்னபோது, சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. அடுத்த நாள் காலையில் சாமுவேல் என்ன செய்தான் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வரி. விடியும்வரைக்கும் படுத்திருந்து, எழும்பி, கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். தேசத்தையே அதிரவைக்கிற வார்த்தை கிடைத்த பிறகும், காலையில் கதவு திறக்கிற வேலை அவனுடையதாகவே இருந்தது.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. எனக்கு 24 வயதில், கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். ஒரு கூட்டத்தில் வார்த்தை வந்தது, ஒரு மாத நோட்டீஸ் கூடக் கொடுக்காமல் வேலையை விட்டேன். வீட்டில் சொன்னது மூன்று நாள் கழித்து. மலையகத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய் விசுவாச ஊழியம் என்று தொடங்கினேன். சம்பளமும் இல்லை, சபையும் இல்லை, மேலே கேட்க ஆளும் இல்லை. இரண்டு வருடத்தில் மஞ்சட்காமாலையோடும் கடையில் கடனோடும் திரும்பி வந்தேன். அந்த இரண்டு வருடத்தில் அம்மா தன் தாலிக்கொடியைச் செட்டியார் தெருவில் அடகு வைத்து எனக்குக் காசு அனுப்பியிருக்கிறார் என்று தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போகிற இடமெல்லாம் எலியாவைப் போஷித்தது போலக் கர்த்தர் காகங்களைக் கொண்டு என்னைப் போஷித்தார் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். காகம் கொட்டாஞ்சேனையில் ஒரு குசினியில் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியிருந்தது.

அழைப்பு மெய்யானதுதான், பிறகு முறையாகப் படித்து நாற்பது வருடம் அதில் இருந்துவிட்டேன். அந்த முதல் ஓட்டத்தைத்தான் கீழ்ப்படிதல் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

மோசேயிடமே திரும்பி வருகிறேன். முட்செடியில் கர்த்தரைக் கண்டுவிட்டு அவர் நேரே எகிப்துக்குப் போகவில்லை. மாமனார் எத்திரோவிடம் திரும்பி வந்து, போய்வர விடைகேட்டார். "சுகமாய்ப் போய்வாரும்" என்றார் அவர் (யாத்திராகமம் 4:18). எலிசா, தாய் தகப்பனை முத்தமிட்டு வருகிறேன் என்று கேட்டுப் போனார். பிறகு தன் ஏர்மாடுகளை அடித்து ஊருக்கே சாப்பாடு போட்டுவிட்டுத்தான் எலியாவின் பின்னால் போனார். ஆனால் லூக்கா 9இல் இதே மாதிரிக் கேட்டவர்களை இயேசு கடுமையாகவே மறுத்தார். முதலில் தகப்பனை அடக்கம் செய்கிறேன், முதலில் வீட்டாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றவர்கள் அவர்கள். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்ய நான் பலநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: எலிசா மாட்டை அடித்து, ஏரையே விறகாக்கினார், திரும்பி வர ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. லூக்காவில் வருகிறவர்களிடம் "முதலில்" என்ற சொல் மட்டும் இருந்தது, முடிவுத் திகதி இல்லை. தங்கச்சி கலியாணம் முடியட்டும், பிறகு கடன் முடியட்டும், பிறகு அம்மா... என்று உங்கள் நாக்கிலும் அந்த "முதலில்" ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதம் எல்லாம் ஓட்டமில்லை என்பதற்கு நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். நீங்கள் தினமும் காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கடக்கிற காலிமுகத்திடலில், 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் ஒருவரைப் புனிதராக அறிவித்தார்: யோசேப் வாஸ் அடிகள். கோவாக்காரர். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர்கள் குருமார் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இங்கே வரத் துடித்தார். மேலிடமோ 1681இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பியது. முறுமுறுக்காமல் போய் அங்கே வேலை செய்தார். இலங்கை மண்ணில் அவர் கால் வைத்தது 1687இல், அதுவும் ஏழைக் கூலியாளின் வேடத்தில். 1711இல் கண்டியில் கண் மூடும்வரை திரும்பிப் போகவில்லை. (அவரை ஒளிந்து திரிய வைத்தது எங்கள் புரட்டஸ்தாந்துப் பக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.) கன்னடக் கரையில் கழித்த வருடங்களை யாரும் அவருடைய கீழ்ப்படியாமைக் கணக்கில் எழுதவில்லை.

சரி, காசு விஷயம். ஆவிக்குரிய பதிலில் இது எதற்கு என்று கேட்காதீர்கள், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசுதான். வேலையை விட்டால் ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வரும் என்று நம்பியிருந்தால், வராது. உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் பொதுவாக ஆணுக்கு 55 வயதில்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் எடுக்கச் சட்டம் சில காரணங்களை ஏற்கிறது, ஊழியத்துக்குப் போகிறேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பணிக்கொடை கிடைக்கும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், எட்டு வருடத்துக்கு நான்கு மாதச் சம்பளம். அலுவலகக் கடனை, வேலையை விடுகிற அன்றே முழுதாகக் கட்டச் சொல்லும் நிறுவனங்கள் நிறைய. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். நான்கு மாதச் சம்பளம் அந்தக் கடனுக்கே காணுமோ தெரியாது. ஒரு தேவ ஊழியன் கடன்காரனாகத் தொடங்குவது சாட்சிக்கு நல்லதில்லை, எனக்கு அது அனுபவம்.

என்ன செய்யலாம்? இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சபைப் போதகரிடம் தனியாக நேரம் கேளுங்கள். முகாம், ஓகஸ்ட் கூட்டம், அப்பா எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களிடம் ஒன்றும் எதிர்பார்க்காத மூத்தவர்கள் இரண்டு மூன்று பேரை வைத்து ஒரு வருடம் உங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகிறீர்களா? அதிலெல்லாம் மனம் ஒட்டாதவருக்கு முழுநேர ஊழியம் ஒட்டாது. பிரசங்க மேடை ஊழியத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொழும்பிலேயே வேலை முடிந்து பின்னேரத்தில் தமிழில் படிக்கக்கூடிய இறையியல் வகுப்புகள் இருக்கின்றன, அதில் சேருங்கள். சபை உங்களை ஏற்றுக்கொண்டால், பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கியது, சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கிறார்கள். சபை அனுப்பினால்தான் அந்த வழி திறக்கும் என்பது எனக்கு நல்லதாகவே படுகிறது. கடன் முடிகிற மாதம் உங்களுக்குத் தெரியும். அதை எழுதி வைத்துப் போதகரிடம் கொடுங்கள். "முதலில்" என்பதற்கு அதுதான் எல்லை. தங்கச்சியின் கலியாணத்தை அந்த எல்லைக்குள் சேர்க்க வேண்டாம், அதற்கு நீங்கள் சொல்கிற நேரத்தில் மாப்பிள்ளை வரமாட்டார். (சீதனம் கேட்கிற பக்கம் என்றால் அதற்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், நிறையத் திட்ட இருக்கிறது.)

இரவு மூன்று மணிக்கு எழும்புவதைப் பற்றி. அப்பா போய் அதிக காலமாகவில்லை, துக்கம் இப்படியும் வரும். அதன்மேல் ஒரு மிரட்டலையும் ஏற்றிவிட்டார்கள். இரண்டு மூன்று கிழமையில் குறையாவிட்டால் ஒரு வைத்தியரைப் பாருங்கள், விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. இரவில் சத்தம் கேட்டு ஓடி வந்த சாமுவேலுக்கு ஏலி சொன்னதும் அதுதானே: போய்ப் படுத்துக்கொள்.

அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று யோசிப்பீர்கள். ராஜினாமாவில் தொடங்காதீர்கள், முகாமில் தொடங்குங்கள். 19 வயதில் நீங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ விளங்கியிருக்கும், அம்மாமார் அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றித் தங்களுக்குள் கதைத்தார்களா என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள். ராஜினாமாக் கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம், திகதியை வெட்டிவிட்டு மடித்துப் போதகரிடம் கொடுத்து வையுங்கள்.